நூற்றுப் பதினெட்டாவது படம்

ஜூன் 3, செவ்வாய்

கோவில்பட்டியிலிருந்து செண்பகவல்லி வந்துவிட்டுப் போனாள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவள் பத்தே முக்காலுக்கு வந்தாள். பஸ்ஸைக் குறை சொன்னாள்.

என் கணவரின் முன்னாள் மாணவி. வயது நாற்பத்து நான்கு. தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை. கல்லூரியில் அவரிடம் இயற்பியல் படித்தவள். அவர் ஓய்வு பெற்றபின் பத்து வருடம் அவரோடு சேர்ந்து 'இழை'யை எழுதியவள்.

இழை என்பது கணினித் திரையில் கோடு, வளைவு, நிறம், எழுத்து எல்லாவற்றையும் வரைந்து கொடுக்கும் நிரல்களின் தொகுப்பு. விலை கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தித் திருப்பித் தரலாம். ஆரம்பித்தவர் அவர். இப்போது எங்கெங்கோ இருப்பவர்கள் பயன்படுத்துகிறார்களாம். நான் பயன்படுத்தியதில்லை. தாவரவியல் பேராசிரியைக்குப் படம் வரையப் பென்சில் போதும்.

அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. கணினி அன்று மூடியபடி முன்னறையில் கிடக்கிறது. அதன் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. செண்பகவல்லி அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என்னோடு பேசிக்கொண்டே, விரல்களைப் பார்க்காமல் அடித்தாள். திறந்துகொண்டது.

"சார் இதை மாத்தவே மாட்டாங்கம்மா. எத்தனை தடவை சொல்லிருக்கேன்" என்று சிரித்தாள்.

காப்பி கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றாள். அவரும் கடைசிப் பத்து வருடம் சர்க்கரை இல்லாமல்தான் குடித்தார்.

ஜூன் 4, புதன்

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததில்லை.

ஜூன் 5, வியாழன்

அவள் வந்த காரியத்தை எழுத விட்டுவிட்டேன்.

ஜூலை 15இல் இழையின் நான்காம் பதிப்பு வெளியாகிறது. வரையும் முறையையே உள்ளே மாற்றியிருக்கிறார்கள். மாற்றினால் பழைய படங்கள் கெட்டுப்போகக் கூடாது அல்லவா? அதற்காக நூற்று நாற்பது மாதிரிப் படங்கள் வைத்திருக்கிறார்கள். புது நிரல் அந்த நூற்று நாற்பதையும் திரும்ப வரையும். ஒரு புள்ளி மாறினாலும் கணினி சொல்லிவிடும். ஆனால் மாறியது திருத்தமா பிழையா என்று கணினிக்குத் தெரியாது. மனிதக் கண் ஒவ்வொன்றாகப் பார்த்து 'ஏற்பு' அல்லது 'மறுப்பு' என்று குறிக்க வேண்டும். நிரல் எழுதியவரே குறிக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கண்ணாக இருந்தவர் அவர்.

"இப்ப யாரும் இல்லம்மா. நீங்க பாத்துத் தாங்க. உங்க கண்ணு மாதிரி யாருக்கும் கிடையாதுன்னு சார் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

என்னிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. நாற்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. இவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லாட்டா சார் பேர்ல நானே பாத்துக்கிட வேண்டியதுதான்" என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

மூன்று பராமரிப்பாளர்கள் உண்டு. செண்பகவல்லி, ஃபின்லாந்தில் யூஹானி என்பவர், மூன்றாவது அவர். அந்த மூன்றாவது இடத்தில் இன்று என் பெயரை ஏற்றினார்கள். ஐரின் ஆசீர்வாதம். முன்னெழுத்தை விட்டிருந்தார்கள். சொல்லித் திருத்தவைத்தேன்.

முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றினேன்.

ஜூன் 9, திங்கள்

இன்று 1 முதல் 5 வரை.

திரையில் மூன்று கட்டங்கள். இடப்பக்கம் பழைய படம், நடுவில் புதியது. வலப்பக்கம் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் கறுப்பில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். முதல் படம் வெறும் சாய்கோடு. பழையதில் கோட்டின் ஓரம் படிக்கட்டு போல ஏறியது. புதியதில் வழுவழுப்பாக ஓடுகிறது. ஏற்பு. மூன்றாவது ஒரு முக்கோணத்தின் கூர்முனை. புதியதில் முனை ஒரு புள்ளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுப்பு. காரணமும் எழுதினேன்.

நாளுக்கு ஐந்து படம். அதற்கு மேல் பார்த்தால் கண் பொய் சொல்லும். முப்பத்து நான்கு வருடம் மாணவிகளின் ரெக்கார்டு நோட்டு திருத்தியவளுக்கு இது தெரியும். வரிசை மாறாமல் பார்ப்பேன். பிடித்ததை முதலில் பார்ப்பதும் பிடிக்காததைத் தள்ளிப்போடுவதும் ஒழுங்கீனம். எங்கள் கான்வென்டில் பெனடிக்டா சிஸ்டர் தட்டில் பாகற்காயை ஒதுக்கினால் கையில் ஸ்கேலால் தட்டுவார்.

ஐந்து மணிக்கு செண்பகவல்லி ஃபோன் செய்தாள். "அம்மா, அந்த முக்கோணம்! ரெண்டு வருசமா எவனும் பாக்கல. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"முனை முனையா இருக்கணும். அவ்வளவுதான்."

ஜூன் 14, சனி

30 முடிந்தது.

இந்த வாரம் நிறம். பழைய பதிப்பில் சிவப்பிலிருந்து பச்சைக்கு மெல்ல மாற்றினால் நடுவில் சாணி நிறம் வரும். இப்போது சுத்தமான மஞ்சள் வருகிறது. ஒளியைக் கூட்ட வேண்டிய இடத்தில் எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தார்களாம். அதைப் பத்து நாள் போராடித் திருத்தியவள் செண்பகவல்லி. நன்றாகத்தான் இருக்கிறது.

சமையலுக்கு வரும் பாக்கியத்தாய் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்ன டீச்சரம்மா, மஞ்சக் கலரைப் பாத்து ஒத்தையில சிரிச்சிக்கிட்டு இருக்கிய?"

நான் சிரிக்கவில்லை. வெளிச்சம் கண்ணில் பட்டிருக்கும்.

செண்பகம் மக்னோலியேசி குடும்பம். பூவிதழ்கள் எத்தனை என்று ஒரு கணக்கு கிடையாது.

ஜூன் 17, செவ்வாய்

40 முடிந்தது. ஆனால் இன்று வேறொன்று.

யூஹானி ஒரு தீர்மானம் வைத்திருக்கிறார். இழையில் 'சுழல் அடுக்கு' என்று ஒரு வசதி இருக்கிறதாம். சாதாரணமாக ஒரு படத்தை அடுக்கடுக்காக வரைவார்கள். பின்னால் வரைவது மேலே இருக்கும், முன்னால் வரைந்தது அடியில் போகும். சுழல் அடுக்கில் ஒன்று இரண்டின் மேல், இரண்டு மூன்றின் மேல், மூன்று மறுபடி ஒன்றின் மேல் என்று வளைய வைக்கலாம். மேல் கீழ் இல்லாத அடுக்கு. இந்த ஒரு வசதிக்காகப் புது நிரல் ஒவ்வொரு படத்திலும் நின்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது, வேகம் குறைகிறது, ஒரு மாதிரிப் படத்தைத் தவிர இதை யாரும் பயன்படுத்தவில்லை, எடுத்துவிடலாம் என்கிறார். நியாயமாகப் படுகிறது.

செண்பகவல்லி எதிர்த்திருக்கிறாள். ஒரே வரி: "இதை வைத்திருக்க எனக்குக் காரணம் உண்டு." காரணம் என்ன என்று எழுதவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. என் வாக்கில்தான் இருக்கிறது.

அந்த வசதி எழுதப்பட்ட வரலாற்றைத் திறந்தேன். எழுதியவர்கள் இருவர், அவரும் அவளும். ஆறு வருடம் முன்பு, பிப்ரவரி 3 முதல் மே 11 வரை. இருவருக்கும் நடுவில் தொண்ணூற்று நான்கு கடிதங்கள். தலைப்பும் நேரமும் மட்டும் பட்டியலில் தெரிந்தன. காலை 4.50. காலை 5.05. காலை 4.45.

அந்த மாதங்கள் எனக்கு நினைவிருக்கிறது. விடியும் முன்பே எழுந்து முன்னறைக்குப் போய்விடுவார். படுத்தால் இருமல் வருகிறது, உன் தூக்கம் கெடும் என்றார். நான் அவருக்கு ஆடாதோடைக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம்.

கடிதங்களைத் திறக்கவில்லை. பிறர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஜூன் 18, புதன்

அவளே ஃபோன் செய்தாள்.

"அம்மா, அந்த ஓட்டு விசயம். அவசரப்படாதீங்க. 118ஆவது படத்தை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க."

"நான் 45ல இருக்கேன். 118 ஜூலை 5ஆம் தேதி வரும்."

"இந்த ஒண்ணை மட்டும் முன்னாடி பாத்தா என்னம்மா?"

"வரிசைப்படிதான் பாப்பேன். உங்களுக்கு ஒரு காரணம் இருந்தா அதை எழுதுங்க. எழுத முடியாத காரணம்னா அது காரணமே இல்ல."

அச்சகத்தில் மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது.

"சரிம்மா. உங்க இஷ்டம்" என்றாள். குரலில் ஒரு மாற்றம். அதுவரை நான் கேட்டிராத குரல்.

ஜூன் 19, வியாழன்

நீக்கலாம் என்று வாக்களித்தேன். காரணம்: வேகம்.

ஜூன் 21, சனி

நீக்கிவிட்டார்கள். நீக்கியவள் செண்பகவல்லிதான். அவளுக்குத்தான் எங்கே என்ன இருக்கிறது என்று தெரியுமாம். இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒரே நாளில் எடுத்துவிட்டாள். தொண்ணூற்று நான்கு கடிதங்களில் கட்டியதை எடுக்க ஒரு பகல் போதுமாயிருக்கிறது.

இழை இப்போது முன்பைவிட மூன்று மடங்கு வேகமாக வரைகிறது என்று யூஹானி நன்றி எழுதியிருந்தார்.

இரவு நன்றாகத் தூங்கினேன் என்று நாளை எழுத முடியும் என்று நம்புகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

தூங்கவில்லை. கொசு.

ஜூன் 25, புதன்

75 முடிந்தது. இந்த வாரம் எழுத்துகள். பழைய பதிப்பில் மெய்யெழுத்தின் புள்ளி, எழுத்து பெரிதானால் ஒரு பக்கமாக நழுவிவிடும். இப்போது எந்த அளவிலும் நடுவில் நிற்கிறது. கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகாமல் நிற்கின்றன. ஐந்துக்கும் ஏற்பு.

செண்பகவல்லி வெளியீட்டுக் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தாள், புது வசதிகளின் பட்டியல். "மிகவும் அழகான கோடுகள்" என்று இருந்தது. அடித்துவிட்டு, "எவ்வளவு மெல்லிய கோடும் அறுபடாது" என்று எழுதினேன். "அருமையான வேகம்" என்று இருந்தது. எத்தனை மடங்கு என்று கேட்டு எழுதினேன். ஏழு பிழைகளைச் சிவப்பில் குறித்து அனுப்பினேன். திருத்தி அனுப்பினாள். ஃபோன் செய்யவில்லை. ஒரு வாரமாக அவள் ஃபோன் செய்வதில்லை.

ஐந்து மணிக்கு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது காற்றுக்காக. அங்கேதான் ஜன்னல்.

ஜூன் 28, சனி

நாளை ராயப்பர் சின்னப்பர் திருநாள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பெனடிக்டா சிஸ்டர் சொல்லிக்கொடுத்த வரிசையில் தலையான பாவங்கள் ஏழையும் நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். அகங்காரம் சொன்னேன். உலோபித்தனம் சொன்னேன், பாக்கியத்தாயின் சம்பள உயர்வைத் தள்ளிப்போட்டது. கோபம், போசனப்பிரியம், சோம்பல். மோகம் இந்த வயதில் பொருந்தாது. ஆறாவதை விட்டுவிட்டேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

சாமியார் சின்னப் பையன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். போதாது என்று நினைத்தேன்.

ஜூலை 5, சனி

116 ஏற்பு. 117 ஏற்பு.

118.

இடப்பக்கம் ஒரு செம்பருத்தி. நேரே மேலிருந்து பார்த்த தோற்றம். ஐந்து இதழ்கள். ஒவ்வொரு இதழும் ஒரு ஓரத்தால் அடுத்த இதழை மூடுகிறது. மற்ற ஓரம் முந்தைய இதழுக்கு அடியில் போகிறது. ஐந்தாவது இதழ் முதலாவதை மூடுகிறது. திருகு இதழமைவு. மால்வேசி குடும்பத்தின் அடையாளம். எந்த இதழும் எல்லாவற்றுக்கும் மேலே இல்லை, எந்த இதழும் எல்லாவற்றுக்கும் அடியில் இல்லை. முதலாமாண்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு இது கடைசி வரை வராது.

நடுக் கட்டத்தில் புதிய படம். ஐந்தாவது இதழ் அடியில் கிடக்கிறது, முதலாவது எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கிறது. வலப்பக்கம் ஒரு இதழின் ஓரம் மட்டும் சிவப்பாக. பிறை போல.

பத்து நிமிடம் பார்த்திருப்பேன். எனக்கு இந்த இரண்டாவது பூவைத் தெரியும். முன்பே பார்த்திருக்கிறேன்.

119, 120 பார்க்கவில்லை. முதல் முறையாக ஐந்து முடியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து, அலமாரியில் ஆறு வருடத்துக்கு முந்தைய என் நாட்குறிப்பை எடுத்தேன். இரண்டு இடங்களை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"பிப்ரவரி 2, சனி. அவர் திரையில் ஏதோ வரைந்து வந்து காட்டினார். செம்பருத்தியாம். ஐந்து இதழையும் தட்டுப் போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். இது செம்பருத்தி இல்லை, பூஜ்யம் என்றேன். கணினியால் இப்படித்தான் முடியும் என்றார். அப்படியானால் கணினிக்கும் பூஜ்யம் என்றேன். சிரித்தார். புளி வாங்க வேண்டும்."

"மே 11, சனி. காலையில் அவர் கணினியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். பார், பார் என்று ஒரே ஆர்ப்பாட்டம். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. மீன் ஆய்ந்துகொண்டிருந்த கை. ம் என்றேன். குழம்பில் உப்பு தூக்கல்."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அடுத்த வரி பால் கணக்கு.

ஜூலை 7, திங்கள்

நானே ஃபோன் செய்தேன். "118 பாத்துட்டேன்" என்றேன். "மத்தியானம் வாரேம்மா" என்றாள். லீவு போட்டுவிட்டு வந்தாள். இந்தத் தடவை சொன்ன நேரத்துக்கு வந்தாள்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சார் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. 'அவளாக் கேட்டாக் காட்டு. நாமளாப் போய் நீட்டுனா பள்ளிக்கூடப் பிள்ளை ஸ்டார் வாங்குன மாதிரி ஆயிரும்'னாங்க."

"அது அவர் இருந்தப்ப. இப்ப ஏன் சொல்லல?"

காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள்.

"கோவிச்சுக்கிடாதீங்கம்மா. நான் ஒண்ணு சொல்லுதேன். மூணு மாசம், விடியக்காலம் நாலு மணிக்கு எந்திச்சு, பிள்ளைக்கு டிபன் கட்டி வச்சிட்டு, சார்கூட அந்தப் பூவுல வேலை பாத்தேன். மூளையே கலங்கிப் போச்சு. கடைசில வழி கண்டுபிடிச்சது நான்தான். ஒரு தடவை 'செண்பா, நல்லாருக்கு'ன்னு சொல்லுவாங்கன்னு பாத்தேன். என்ன சொன்னாங்க தெரியுமா? 'இதை ஐரின் பாத்தா என்ன சொல்லுவா?' எதைச் செஞ்சாலும் அதான். கோடு போட்டா ஐரின் என்ன சொல்லுவா. கலர் மாத்துனா ஐரின் என்ன சொல்லுவா. எனக்கு உங்க பேரைக் கேட்டாலே வயிறு எரியும். நீங்க எடுத்திரலாம்னு ஓட்டுப் போட்டப்ப, சரி, அந்த அம்மா கையாலயே போகட்டும்னு ஒரு இது. அதான் ஒரே நாள்ல எடுத்தேன்."

பாக்கியத்தாய் கதவருகில் வந்து நின்று, பேச்சைக் கேட்டுவிட்டு, அப்படியே திரும்பிப் போனாள்.

"அதுக்கு ஒரு பேர் உண்டு" என்றேன். "காய்மகாரம்."

"அப்படின்னா?"

"பொறாமை. ஏழு பாவத்துல ஆறாவது. உனக்கும் எனக்கும் உள்ளது."

நீ என்று சொல்லிவிட்டேன். அவள் கவனித்தாளா தெரியவில்லை.

கடிதங்களைப் படிக்கட்டுமா என்று கேட்டேன். அவை இருவருடையவை; ஒருவர் இல்லை, மற்றவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். "நீங்க அப்பவே படிச்சிருப்பீங்கன்னுல்லா நினைச்சேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளே மூன்றை வாசித்துக் காட்டினாள்.

முதலாவது: "செண்பா, ஐந்தாவது இதழ் முதல் இதழை மூட வேண்டும். கணினியில் முடியாது என்றால் விடமாட்டாள். எனக்கு அந்த அம்மாளைத் தெரியும்."

நடுவில் ஒன்று: "கஷாயம் குடித்துக் குடித்து நாக்கே செத்துவிட்டது. இருமல் என்று பொய் சொன்னதற்குத் தண்டனை. சர்க்கரை போட்டாலும் இப்போது கசக்கிறது."

கடைசி, தொண்ணூற்று நான்காவது: "காட்டினேன். 'ம்' என்றாள். உனக்குத் தெரியாது, அவளிடம் 'ம்' என்றால் பத்துக்கு எட்டு. இன்று காலை எனக்கு இட்லி இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இந்த வசதியை யாரும் நீக்காமல் பார்த்துக்கொள்."

அவர் கண்ணாடியைக் கவனிக்கவில்லை. மூன்று மாதம் இதழின் ஓரத்தைப் பார்த்தவர், என் மூக்கில் கண்ணாடி இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அதை அவளிடம் சொல்லவில்லை. எட்டு என்றே இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டேன். "நான் அன்னைக்குப் படத்தைப் பாக்கவே இல்ல."

படியில் நின்றபடி என் முகத்தைப் பார்த்தாள். "சாருக்குத் தெரியாதுல்லா?" என்றாள்.

"தெரியாது."

"அப்பச் சரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

118 மறுப்பு என்று குறித்தேன். காரணம் எழுதும் கட்டத்தில் "இதழமைவு தவறு" என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் அது போதாது. முடிந்துபோன தீர்மானத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமானால், வாக்களித்தவர் தன் வாக்கு ஏன் தவறு என்று பொதுவில் எழுத வேண்டும் என்பது விதி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அழிக்க முடியாது. மாணவிகள்கூடப் படிக்கலாம்.

நாள் முழுதும் எழுதி எழுதி அடித்தேன். எங்கள் வகுப்பில் பதிலைத் திருத்தி எழுதினால் அடித்ததும் தெரிய வேண்டும், ரப்பர் கூடாது. 119 முதல் 125 வரை பார்த்து முடித்தேன். கணக்கைச் சரி செய்ய ஏழு.

ஜூலை 9, புதன்

காலை 5.10க்கு அனுப்பினேன்:

"சுழல் அடுக்கை நீக்க நான் வாக்களித்தேன். காரணம் வேகம் என்று எழுதினேன். அது காரணம் அல்ல. மாதிரிப் படத்தைப் பார்க்கச் சொன்னார்கள். நான் பார்க்காமல் வாக்களித்தேன். படத்தைப் பார்க்காமல் மதிப்பெண் போடுவது தவறு. என் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன். இ. ஐரின் ஆசீர்வாதம்."

அனுப்பிவிட்டுக் குளித்தேன். வெந்நீர் கொதித்துவிட்டிருந்தது.

ஜூலை 11, வெள்ளி

இன்று 140 முடிந்தது.

யூஹானி பதில் எழுதியிருக்கிறார். மரியாதையான மனிதர். வேகத்தை இழக்க முடியாது, ஆனால் சுழல் அடுக்கைத் தனிப் பகுதியாக வைத்தால், வேண்டுபவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்குப் பாரமில்லை என்கிறார். இதை முதலிலேயே யோசித்திருக்கலாம். யோசிக்க யாரும் விடவில்லை, நான் உட்பட.

செண்பகவல்லியிடம் ஃபோனில், நாலு நாளில் முடியுமா என்று கேட்டேன்.

"எடுத்த வரி எங்கயும் போகாதும்மா. பழைய பதிப்புல அப்படியே இருக்கும். ஆனா புது உள்பக்கத்துக்கு ஏத்த மாதிரி கோக்கணும். முக்கி முக்கிச் செய்யணும்."

"நாலு மணிக்கு எந்திரி" என்றேன்.

"நீங்களும் எந்திங்க" என்றாள். "நான் ஒத்தையில முழிச்சிருக்க மாட்டேன்."

ஜூலை 12, சனி

காலை 4.45. அவள் ஒரு இதழை அனுப்பினாள். ஓரத்தில் மயிரிழை வெள்ளைக் கோடு. மறுப்பு.

5.20. மறுப்பு.

5.50. "அம்மா, நீங்க சாரைவிட மோசம்" என்று எழுதினாள். மறுப்பு.

ஜூலை 13, ஞாயிறு

நாலு இதழ் சரி. ஐந்தாவது முதலாவதின் மேல் வர மறுக்கிறது. பூசைக்குத் தாமதமானேன். இதுவரை நடந்ததில்லை.

ஜூலை 14, திங்கள்

காலை 5.32. வந்துவிட்டது.

வலப்பக்கக் கட்டம் முழுக் கறுப்பு. ஒரு சிவப்புப் புள்ளி இல்லை.

நான் எழுதுவதற்குள் அவளே ஃபோன் செய்துவிட்டாள். "ஐயோ அம்மா, வந்திருச்சு, வந்திருச்சு! பாருங்க, பாருங்க!" மாமியார் எழுந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டு கத்தினாள். அன்று அடுப்படியில் அவரும் இப்படித்தான் கத்தினார். அந்தச் சந்தோஷத்தில் மூன்று மாதம் பங்கு உள்ளவள் இவள். தொண்ணூற்று நான்கையும் எழுதியும் படித்தும் வாழ்ந்தவள். நான் மூன்றைக் கேட்டவள். அது இனி மாறாது. அந்த எரிச்சல் இப்போதும் இருக்கிறது, எழுதும்போதுகூட. அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்தில் ஆறாவதை முதலில் சொல்வேன்.

"கண்ணாடி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டிருக்கேன்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"செண்பா, நல்லாருக்கு" என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. சளி பிடித்திருக்கும். ஆடாதோடை குடிக்கச் சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலை பத்து மணிக்கு இழை நான்காம் பதிப்பு வெளியானது. வெளியீட்டுக் குறிப்பில் புது வசதிகள் பதினாறு. கடைசியாக: "சுழல் அடுக்கு. தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோருக்குத் தேவைப்படாது." யாருக்குத் தேவைப்படும் என்று ஒரு வரி சேர்க்கவா என்று செண்பகவல்லி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பாக்கியத்தாய்க்கு இந்த மாதத்திலிருந்து ஐநூறு கூட்டிக் கொடுக்கிறேன்.

மாலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 118ஐத் திரை முழுவதும் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய படத்தை, அவருடையதை. இதழமைவு சரி. இதழ் நரம்புகள் சரி. மகரந்தக் குழலைச் சுற்றித் தாள்கள், நுனியில் ஐந்து சூலக முடிகள், எண்ணிப் பார்த்தேன், ஐந்து. கோடுகளில் நடுக்கமில்லை. நிழல் அடிக்கவில்லை.

பத்துக்கு ஒன்பதரை. பாகங்களைக் குறிக்கவில்லை.